வலையை மாற்றச் சொல்லும் முன் கடனைப் பாருங்கள்

கடலோரக் கிராமங்களில் மீன்வள விரிவாக்கப் பணி செய்யும் எங்களைப் போன்றவர்கள், சிறு கண்ணி (சிறு துளை) வலையைத் தவிர்க்க வேண்டும், குஞ்சு மீனைப் பிடிக்கக் கூடாது என்பதையே முதலில் வலியுறுத்துகிறோம். எதிரே அமர்ந்திருக்கும் நாட்டுப்படகு மீனவர் அதை எங்களைவிட நன்றாக அறிவார். கரையில் வாங்கிய முன்பணம்தான் அவர் கையைக் கட்டியிருக்கிறது.

எஞ்சின், பைபர் படகு, வலை என எதை வாங்கினாலும் வியாபாரியிடமோ தரகரிடமோ முன்பணம் பெறுவது பல ஊர்களில் வழக்கம். அதற்கு வட்டி என்று எதுவும் எழுதப்படாமல் இருக்கலாம். ஆனால் கடன் தீரும்வரை மீனை அவரிடமே கொடுக்க வேண்டும், அவர் சொல்லும் விலையை ஏற்க வேண்டும், ஒவ்வொரு விற்பனையிலும் அவருக்குத் தரகுக் கழிவு விட வேண்டும். கிலோவுக்குக் கிடைக்கும் தொகை குறையக் குறைய, அதே எரிபொருள் செலவை ஈடுகட்டக் கூடுதலாகப் பிடித்தாக வேண்டியிருக்கிறது. வலைக் கண்ணி சுருங்குவது அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இதற்கு நம் கடற்கரையிலேயே ஒரு விடை உண்டு. 1980இல் உருவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பைச் சேர்ந்த ஊர்ச் சங்கங்கள், கேரளத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும், கரையில் ஏலம், கடன், சேமிப்பு ஆகிய மூன்றையும் ஒன்றாக இணைத்தன. கடலுக்குப் போகிறவர் மட்டுமே உறுப்பினர் என்ற விதிதான், என் மதிப்பீட்டில், அதன் உயிர்நாடி. வியாபாரி உள்ளே வந்தால் விலையும் அவர் கைக்குப் போய்விடும்.

கடன் தீர்ந்தால் மட்டும் போதாது என்பதையும் சொல்லியாக வேண்டும். கரையோரக் கடலைப் பாரம்பரிய மீனவருக்கென ஒதுக்கும் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983இலேயே வந்துவிட்டது. விசைப்படகு இழுத்துச் செல்லும் பெரிய வலையான இழுவைமடி அந்த எல்லைக்குள் நுழைந்து, குஞ்சு மீன்கள் சங்காயமாக, அதாவது மலிவான கழிவு மீனாக, கோழித்தீவனத்துக்குப் போவதைக் கண்ணால் பார்ப்பவரிடம், நீங்கள் மட்டும் விட்டுவிடுங்கள் என்று கேட்க எங்களுக்கு வாய் வருவதில்லை.

உழவருக்கு வங்கிக் கடன் தரும் கிசான் கடன் அட்டை 2018–19 நிதிநிலை அறிக்கையின் வழியாக மீனவருக்கும் விரிவுபடுத்தப்பட்டது நல்ல தொடக்கம். எனினும் சொந்தப் படகு இல்லாமல் பங்குக்குக் கடலுக்குப் போகிறவரும், நாள் வட்டிக்குப் பணம் வாங்கிக் கூடையில் மீன் விற்கும் பெண்களும் வங்கி கேட்கும் ஆவணங்களுக்கு எங்கே போவார்கள்? ஊர்ச் சங்கத்தின் சான்றையே வங்கிகள் ஏற்க வேண்டும். பணமும் பருவம் தொடங்கும் முன்பே கைக்கு வர வேண்டும். வலை கிழிந்த வாரத்தில் கிடைக்காத கடன், அவரை மறுபடியும் தரகரின் வாசலுக்கே அனுப்பிவிடுகிறது.