வளரும் எலும்பும் வாயடைக்கும் மருந்தும்

குதிரையின் முன்காலில் முழங்கால் என்று நாம் நினைப்பது உண்மையில் அதன் மணிக்கட்டு. அதற்குக் கீழே நேராக இறங்கும் நீண்ட எலும்பு, நம் உள்ளங்கைக்குள் நடுவிரலோடு சேரும் எலும்புதான். குளம்பு அந்த விரலின் நகம். பந்தயக் குதிரையின் எடை சுமார் 500 கிலோ. அது மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் பாயும்போது, ஒவ்வொரு தாவலிலும் ஒரு கணம் ஒற்றை முன்கால் மட்டுமே தரையில் இருக்கும். அந்தக் கணத்தில் உடல் எடையைப் போல் சுமார் இரண்டரை மடங்கு விசை அந்த ஒரு விரலில் இறங்குகிறது.

அமெரிக்காவில் இந்த ஓட்டத்தை இரண்டு வயதிலேயே தொடங்கிவிடுகிறார்கள். அந்த 'இரண்டு வயது' கூட ஒரு கணக்குதான். எப்போது பிறந்தாலும் எல்லா பந்தயக் குதிரைகளுக்கும் ஜனவரி 1 அன்று ஒரு வயது கூடும். மே மாதம் பிறந்த குட்டி 'இரண்டு வயது' என்று பதிவாகும் நாளில் இருபது மாதத்தைக்கூட முடித்திருக்காது. அதன் மணிக்கட்டுக்கு மேல் எலும்பு வளரும் இடம் இன்னும் மூடியிருக்காது.

இளம் வயதில் ஓடவே கூடாது என்று சொல்ல வரவில்லை. தொழுவத்தில் கட்டிப்போட்டு வளர்த்த குதிரைக்கு எலும்பு வலுவாக இருக்காது. சின்ன வயதில் அளவாகச் சுமை பட்டால்தான் எலும்பு கெட்டிப்படும். சிக்கல் அந்த 'அளவாக' என்பதில்தான் இருக்கிறது.

எலும்பு தன் மேல் விழும் சுமையைக் கவனித்துக்கொண்டே இருக்கும் உயிருள்ள பொருள். எந்தப் பக்கம் அதிகம் வளைகிறதோ அந்தப் பக்கத்தில் புது எலும்பை அடுக்கும். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் நியூ போல்டன் மையத்தில் டேவிட் நுனமேக்கர் என்ற அறுவை மருத்துவர் பல ஆண்டுகள் இதைத்தான் ஆராய்ந்தார். குதிரைகளின் கால் எலும்பில் அளவிடும் கருவிகளை ஒட்டி ஓடவிட்டுப் பார்த்தார். ஒரே வேகத்தில் ஓடினாலும் இளம் குதிரையின் எலும்பு, முதிர்ந்த குதிரையின் எலும்பைவிட அதிகமாக நசுங்கி வளைந்தது. மெதுவாக ஓடும்போது வளைவது ஒரு விதம், பந்தய வேகத்தில் வளைவது வேறு விதம் என்பதும் தெரிந்தது. அதனால் மாதக்கணக்கில் மெதுவாக மட்டும் ஓட்டிவிட்டு ஒரு நாள் திடீரென வேகம் எடுக்க வைத்தால், எலும்பு அந்த வேலைக்குத் தயாராக இருக்காது. குறைந்த தூரம், வாரத்தில் ஓரிரு முறை, வேகமாக ஓடவிட்டு, தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் தயாராகும்.

தயாராகாதபோது என்ன ஆகும்? காலையில் தொழுவத்துக்குள் போகும் நல்ல பயிற்சியாளர் முதலில் குந்தி உட்கார்ந்து, குட்டியின் காலை மேலிருந்து கீழாகப் புறங்கையால் தடவுவார். இரண்டு காலையும் ஒப்பிடுவார். ஒன்றில் லேசான சூடு. எலும்பின் முன்பக்கம் கட்டைவிரலால் அழுத்தினால் குட்டி சட்டென்று காலை இழுத்துக்கொள்ளும். அமெரிக்கத் தொழுவங்களில் இதை 'ஷின்' வந்துவிட்டது என்பார்கள். சுமை தாங்காமல் எலும்பு அவசர அவசரமாகப் புது அடுக்கு போடுகிறது; எலும்பின் மேலுறை வீங்கி வலிக்கிறது. பயிற்சியைக் குறைத்து, அடுக்கு கெட்டிப்படும்வரை பொறுத்தால் பெரும்பாலான குட்டிகள் தேறிவிடும்.

பொறுக்காதவர்களுக்கு மருந்து இருக்கிறது. முதலாவது ஃபினைல்பியூட்டசோன், தொழுவத்துப் பேச்சில் 'பியூட்'. 1949இல் மனிதர்களின் மூட்டுவலிக்காக வந்தது. எலும்பு மஜ்ஜையையே முடக்கி உயிரிழப்புகள் வரை போனதால் பெரும்பாலான நாடுகளில் மனித வைத்தியத்திலிருந்து போய்விட்டது. குதிரைக்கு மட்டும் தங்கிவிட்டது. அமெரிக்காவின் பெரிய பந்தயமான கென்டக்கி டெர்பியில் 1968இல் முதலாவதாக வந்த டான்சர்ஸ் இமேஜ் என்ற குதிரை, சிறுநீரில் பியூட் தடயம் இருந்ததால் பரிசை இழந்தது.

அடிபட்ட திசுவில் ப்ராஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சுரந்துதான் வீக்கமும் வலியும் வருகின்றன. அதைத் தயாரிக்கும் நொதியைப் பியூட் பிடித்துப் பூட்டிவிடுகிறது. இரத்தத்தில் அதன் அளவு சில மணி நேரத்தில் பாதியானாலும், பூட்டு ஒரு நாளைக்கு மேல் திறக்காது. ஆனால் அதே ப்ராஸ்டாகிளாண்டின்தான் வயிற்றின் உட்சுவரைக் காக்கிறது, சிறுநீரகத்துக்கு இரத்தம் போக உதவுகிறது, சுமை பட்ட எலும்புக்குப் புது எலும்பு போடச் சொல்லிச் சேதி அனுப்புகிறது. குதிரைகளில் செய்த ஆய்வில், பியூட் கொடுத்தபோது புது எலும்பில் தாது படியும் வேகமே குறைந்தது. வயிற்றில் புண் வரும். அதற்கு ஒமிப்ரசோல் களிம்பை வாயில் பீய்ச்சுவார்கள். ஒரு மருந்தின் விளைவை இன்னொரு மருந்து துரத்திக்கொண்டு போகும். நடுவில், ஷின் வந்த குட்டி வலி தெரியாமல் மறுநாளும் ஓடும்.

மூட்டுக்குள் நேராகப் போடும் ஸ்டீராய்டு ஊசியும் இப்படித்தான். வீக்கம் நன்றாக அடங்கும். திரும்பத் திரும்பப் போட்டால் குருத்தெலும்பு நலியும், அதற்குக் கீழே விரிசல் விட்ட எலும்பு கண்ணுக்குத் தப்பிவிடும்.

எனக்கு அதிகம் கவலை தருவது பிஸ்பாஸ்பொனேட் வகை மருந்துகள். நம் வீடுகளில் எலும்பு மெலிந்த பாட்டிமாருக்கு வாரம் ஒரு மாத்திரை கொடுக்கிறார்களே, அந்தக் குடும்பம். அது செய்யும் வேலையைப் புரிந்துகொள்ள, எலும்பு பழுது பார்க்கும் விதத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஓட ஓட எலும்புக்குள் நுண்ணிய விரிசல்கள் விழும். ஆஸ்டியோகிளாஸ்ட் என்ற செல்கள் அந்தப் பழுதான பகுதியைச் சில வாரங்களில் கரைத்து எடுக்கும். பின்னால் வரும் ஆஸ்டியோபிளாஸ்ட் செல்கள் அந்தக் குழியை நிரப்ப மூன்று நான்கு மாதம் ஆகும். பழைய வீட்டில் உளுத்த செங்கலைப் பெயர்த்துப் புதுச் செங்கல் வைப்பதுபோல. பெயர்த்த பின்னும் நிரப்புவதற்கு முன்னும் சுவர் கொஞ்சம் பலவீனமாகத்தான் நிற்கும்.

பிஸ்பாஸ்பொனேட் எலும்பின் தாதுவோடு ஒட்டிக்கொண்டு, கரைக்க வரும் செல்லை முடக்கிவிடுகிறது. வயதானவர்களுக்குக் கரைதல் மிஞ்சிப்போவதுதான் நோய் என்பதால் அங்கே இது நல்ல மருந்து. வளரும் குட்டிக்கோ, உளுத்த செங்கலை எடுக்க ஆளே இல்லை என்று ஆகிறது. விரிசல்கள் சேர்ந்துகொண்டே போகும். இந்த மருந்துக்கு வலியைத் தணிக்கும் குணமும் உண்டு. எலும்பில் பல ஆண்டுகள் தங்கும் குணமும் உண்டு. 2014இல் அமெரிக்காவில் இவற்றுக்கு அனுமதி கிடைத்தது நான்கு வயதுக்கு மேற்பட்ட குதிரைகளுக்கு, அதுவும் குளம்புக்குள் இருக்கும் நேவிகுலர் எலும்பின் நோய்க்கு மட்டும். ஆனால் ஏலத்துக்கு வரும் குட்டிகளின் எக்ஸ்ரே படம் 'சுத்தமாக' இருக்க வேண்டும் என்பதற்காக முன்கூட்டியே போடுகிறார்கள் என்ற புகார் வலுத்தது. வாங்கியவர் சோதித்துப் பார்த்து, மருந்து இருந்தால் குட்டியைத் திருப்பித் தரலாம் என்று பெரிய ஏல நிறுவனங்கள் 2019இல் விதி கொண்டுவர வேண்டியதாயிற்று.

அந்த ஏலங்களைப் பார்த்தால் அவசரம் ஏன் என்று புரியும். ஃப்ளோரிடாவின் ஒகாலாவில் இரண்டு வயதுக் குட்டிகளை வாங்குபவர்கள் முன்னால் 200 மீட்டர் ஓடவிடுவார்கள். பத்து விநாடிக்குள் ஓடினால் விலை எகிறும். நிரம்பாத குழியை யார் கணக்கில் வைப்பார்கள்?

2018 டிசம்பர் கடைசியிலிருந்து சில மாதங்களில் கலிஃபோர்னியாவின் சாண்டா அனிட்டா மைதானத்தில் குதிரைகள் அடுத்தடுத்து விழுந்து இறந்தன. அவற்றில் 23 குதிரைகளின் மரணத்தை மாநிலக் குதிரைப் பந்தய வாரியம் ஆராய்ந்தது. எலும்பும் மூட்டும் முறிந்து இறந்த 22 குதிரைகளில் 21க்கு, முறிந்த இடத்தில் முன்பே பழுது இருந்தது. தடை செய்யப்பட்ட மருந்து எதுவும் சிக்கவில்லை. மழையில் நனைந்த தரை உட்பட வேறு காரணங்களும் பேசப்பட்டன. ஆனாலும் அந்த 21 என்ற எண்தான் என் மனத்தில் நிற்கிறது. அந்தக் கால்கள் ஒரே நாளில் உடையவில்லை. அதற்கு முன் எத்தனையோ காலைகளில் யாராவது தடவிப் பார்த்திருந்தால் சூடாக இருந்திருக்கலாம்.

விதிகள் இப்போது இறுகியிருக்கின்றன. நாடு முழுவதற்குமான மருந்துக் கட்டுப்பாடு 2023இல் அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்தது. பிஸ்பாஸ்பொனேட் அங்கே தடை; மூட்டு ஊசிக்குப் பிறகு 14 நாள் பந்தயம் கூடாது. பிரிட்டனில் மூன்றரை வயதுக்குள் பிஸ்பாஸ்பொனேட் கொடுக்கக் கூடாது.

சாண்டா அனிட்டாவில் 2019 இறுதியில் ஒரு பெட் ஸ்கேன் கருவியும் வைத்தார்கள். குதிரைக்கு லேசான மயக்கம் கொடுத்து, நின்றபடியே ஒரு காலை வளையத்துக்குள் வைக்கச் செய்வார்கள். எலும்பு எங்கே அவசரமாக வேலை செய்கிறதோ அங்கே, ஸ்கேனுக்கு முன் ஊசியில் ஏற்றிய பொருள் சேர்ந்து திரையில் ஒளிரும். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாத காலிலும் அந்தப் புள்ளி தெரிகிறது. புள்ளி தெரிந்த குதிரையைச் சில மாதம் ஓய்வுக்கு அனுப்பிவிட்டு மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்க்கிறார்கள். ஒளி மங்கியிருந்தாலும் உடனே வேகம் எடுக்கவிட முடியாது. ஓய்வில் எலும்பு மெலிந்திருக்கும். முதல் வாரங்களில் தோளுக்குக் கீழே இருக்கும் மேற்கை எலும்பு முறியும் ஆபத்து அதிகம். அதனால் மறுபடியும் மெதுநடை, அப்புறம் குறைந்த தூரத்துக்கு வேகம், ஒவ்வொரு காலையிலும் யாராவது குந்தி உட்கார்ந்து புறங்கையால் தடவிப் பார்ப்பது.