ஓட்டையும் இல்லை, வால்வும் இல்லை: பியூகிள் எப்படிப் பேசுகிறது?

நாதசுவரத்தில் விரல் வைக்க ஓட்டைகள் உண்டு. டிரம்பெட்டில் அழுத்த மூன்று வால்வுகள் உண்டு. பியூகிளில் இரண்டுமே கிடையாது. வளைத்து மடித்த பித்தளைக் குழாய், ஒரு முனையில் கிண்ணம் போன்ற ஊதுவாய், மறுமுனையில் அகன்ற வாய், அவ்வளவுதான். பாடசாலை பேண்டில் முதன்முதலாக அதைக் கையில் வாங்கியபோது, சுரத்தை எதை வைத்து மாற்றுவது என்று கேட்டேன். மாஸ்டர் தன் உதட்டைத் தொட்டுக் காட்டினார்.

உதடுகளை இறுக்கி ஊதும்போது அவை அதிர்கின்றன. அந்த அதிர்வு குழாய்க்குள் அலையாக ஓடி அகன்ற வாயை எட்டியதும், கொஞ்சம் வெளியே போகிறது, மீதி உள்ளே திரும்புகிறது. போகிற அலையும் வருகிற அலையும் ஒத்துப்போகும் சில அதிர்வெண்களில் மட்டும்தான் குழாய் பலமாக ஒலிக்கும். திரும்பிவரும் அலை உதட்டையும் தன் போக்குக்கு இழுத்துக்கொள்ளும். உதட்டின் இறுக்கத்தை மாற்றினால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவலாம். பி பிளாட் என்ற மேல்நாட்டுச் சுருதியில் அமைந்த பியூகிளில் அந்த அதிர்வெண்கள் ஏறத்தாழ 233, 350, 466, 583, 699 ஹெர்ட்ஸ். 116.5 இன் 2, 3, 4, 5, 6 மடங்குகள். நம் கணக்கில் ச, ப, மேல் ச, அந்தர காந்தாரம், மேல் ப. தம்புராவில் யாரும் மீட்டாமலே ஒரு காந்தாரம் கேட்கிறதே, அதுவும் இந்த ஐந்தாம் மடங்குதான்.

பட்டாளத்தில் வானொலித் தொடர்பு வருமுன், துப்பாக்கிச் சத்தத்துக்கு நடுவே எந்த அதிகாரியின் குரலும் எடுபடாது. எழுந்திரு, சாப்பிட வா, முன்னேறு, பின்வாங்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பியூகிள் மெட்டு இருந்தது. சுரங்கள் குறைவு என்பதால் தாளமே பெரிய அடையாளம்; சங்கீதம் தெரியாத சிப்பாயும் எளிதில் கண்டுகொள்வான்.

இலங்கையின் மலைநாட்டில் இதற்கு இன்னொரு அழகும் உண்டு. எதிர்மலை 340 மீட்டர் தள்ளியிருந்தால் எதிரொலி இரண்டு வினாடி கழித்து வரும். அதற்குள் ஊதுபவர் வேறு சுரத்துக்குப் போயிருப்பார். ஆனாலும் காதை உறுத்தாது, ஐந்தும் ஒரே குடும்பத்துச் சுரங்கள். அப்புறம், தெளிந்த இரவுக்குப் பின் விடியும்போது பள்ளத்தாக்கின் அடியில் குளிர்காற்றும் மேலே அதைவிட வெதுவெதுப்பான காற்றும் இருக்கும். மேலே போகும் ஒலி வளைந்து கீழேயே திரும்புவதால் வெகுதூரம் கேட்கும். தேயிலைத் தோட்டங்களில் விடியற்காலைத் தப்பு மேளத்தின் ஒலி, தொழிலாளர் குடியிருப்பான லயங்களை எல்லாம் எட்டியதற்கும் இது கைகொடுத்திருக்கும். அந்தத் தப்பு கூப்பிட்டது பிரட்டுக்கு, அதாவது வேலைக்குமுன் ஆள்கள் கூடி நிற்பதற்கு. பிரட்டு என்பதே 'பரேட்'தான். பட்டாளத்துச் சொல் எழுப்பி நிற்கவைத்தது கொழுந்து பறிக்கிறவர்களை என்பதை நான் மறப்பதில்லை.

இன்று பியூகிளை நாம் அதிகம் கேட்பது நினைவுநாள்களில். அப்போது ஊதப்படும் 'லாஸ்ட் போஸ்ட்' முதலில் சோக இசையே அல்ல. இரவில் காவல் நிலைகளைச் சுற்றிப் பார்த்து முடிந்தது என்று முகாமுக்குச் சொல்லும் அழைப்பு. இறந்த வீரனுக்கு ஊதும்போது, உன் காவல் முடிந்தது, இனி ஓய்வெடு என்று அதற்குப் பொருள் வந்துவிட்டது.

ஊதுபவருக்கு அது பெரிய சோதனை. 30 பாகை வெப்பநிலையில் வினாடிக்கு 349 மீட்டர் ஓடும் ஒலி, 15 பாகையில் 340 மீட்டர்தான் ஓடும். மலைநாட்டுத் தியத்தலாவையின் குளிர்காலையில் குழாய்க்குள் காற்றும் குளிர்ந்திருந்தால், கொழும்பில் இருந்த சுருதி கிட்டத்தட்ட கால் சுரம் இறங்கிவிடும். பேச்சுகள் முடியும்வரை அசையாமல் நின்ற உதடும் மரத்திருக்கும். அதனால்தான் தெரிந்தவர்கள் முறை வருமுன் சத்தமில்லாமல் குழாய்க்குள் மூச்சுவிட்டுக்கொண்டே இருப்பார்கள், ஊதுவாயைக் கழற்றி உள்ளங்கைக்குள் பொத்திவைத்திருப்பார்கள்.