கூடமும் கோணல், ஆட்டமும் கோணல்

2025 பேஸ்பால் பருவத்தில் கொலராடோ ராக்கீஸ் அணி 162 ஆட்டங்களில் 119-இல் தோற்றது. அதைவிடக் கேவலமான எண் ஒன்று அந்த அணியின் கணக்கில் இருக்கிறது. ஆட்டத்தைத் தொடங்கிப் பந்து எறியும் அதன் ஸ்டார்ட்டிங் பிட்சர்களின் ஈ.ஆர்.ஏ., அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்குக் கொடுக்கும் ரன் சராசரி, 6.65. இந்தக் கணக்கு அதிகாரபூர்வமான 1913-லிருந்து எந்த அணியின் ஸ்டார்ட்டர்களும் ஒரு பருவம் முழுக்க இப்படி அடி வாங்கியதில்லை.

பழி யார் மேல்? ராக்கீஸ் ஆடுவது டென்வரில், கடல் மட்டத்துக்கு மேலே ஏறத்தாழ ஒரு மைல் உயரத்தில் உள்ள கூர்ஸ் ஃபீல்டில். அங்கே காற்று மெலிந்தது, பந்து பறக்கும், பிட்சர்கள் என்ன செய்வார்கள் என்பது முப்பது ஆண்டுகளாகச் சொல்லப்படும் சமாதானம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நாம் சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் இந்தக் கூடம் நிஜமாகவே கோணல். எவ்வளவு கோணல் என்று அளந்து கழித்தால்தான் மிச்சப் பழி யாருடையது என்று தெரியும்.

கிரிக்கெட் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு குறிப்பு. பேஸ்பாலில் ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர்தான் ஸ்டார்ட்டர். ஓர் அணி ஐந்து பேரை வைத்துக்கொண்டு முறை போட்டுச் சுழற்றும். ஒருவர் எறிந்தால் அடுத்த நான்கைந்து நாள் ஓய்வு. மொத்தம் ஒன்பது இன்னிங்ஸ். ஸ்டார்ட்டர் ஐந்தாறு இன்னிங்ஸ் தாங்கவேண்டும், மீதியை புல்பென்னில் காத்திருக்கும் ரிலீவர்கள் முடிப்பார்கள். ஒரு முறை வெளியே போன பிட்சர் அந்த ஆட்டத்தில் திரும்ப வர முடியாது. ஒரு ஓவர் அடி வாங்கிவிட்டு ஃபைன் லெக்கில் நின்று மூச்சு வாங்கி மறுபடி வரும் வசதியெல்லாம் இங்கே கிடையாது.

ஈ.ஆர்.ஏ. என்பது ஒன்பது இன்னிங்ஸுக்கு ஒரு பிட்சர் எத்தனை ரன் கொடுக்கிறார் என்ற சராசரி. ஐந்து இன்னிங்ஸில் நான்கு ரன் என்றால் நான்கை ஒன்பதால் பெருக்கி ஐந்தால் வகுக்கவேண்டும்: 7.20. ஃபீல்டர் பந்தைக் கோட்டைவிட்டதால் வந்த ரன் இதில் சேராது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பந்தைத் தொட்டு நழுவவிட்டால்தான் பெரும்பாலும் 'எரர்' என்று எழுதுவார்கள். கால் மெதுவான ஃபீல்டர் பந்து விழும் இடத்துக்கே போய்ச் சேரவில்லை என்றால் அது பேட்டர் அடித்துச் சம்பாதித்த சுத்தமான ஹிட். பழி முழுக்கப் பிட்சர் தலையில்.

இனி காற்றுக்கு வருவோம்.

பிட்சர் மேட்டிலிருந்து பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட் 60 அடி 6 அங்குலம். பிட்சர் ஒரு காலை முன்னே நீட்டி எறிவதால், பந்து கையை விட்ட இடத்திலிருந்து சுமார் 54 அடிதான் போகவேண்டும். மணிக்கு 95 மைல் ஃபாஸ்ட்பால் அதை 0.4 விநாடியில் கடக்கும். அந்த நேரத்தில் புவியீர்ப்பு மட்டும் பந்தைக் கிட்டத்தட்ட 32 அங்குலம் கீழே இழுத்துவிடும். நல்ல ஃபாஸ்ட்பால் அவ்வளவு இறங்காது. விரல் நுனி பந்தின் பின்புறத்தை மேலிருந்து கீழாக வழித்துவிடுவதால், அது நிமிடத்துக்கு 2,300 சுற்று வேகத்தில் பின்னோக்கிச் சுழன்றுகொண்டே வருகிறது; பேட்டரை அடைவதற்குள் பதினைந்து பதினாறு சுற்று. சுழலும் பந்து தன்னைச் சுற்றிய காற்றைக் கீழே தள்ளுகிறது, காற்று பந்தை மேலே தூக்குகிறது. மேக்னஸ் விசை என்பது இதுதான். கடல் மட்டத்தில் இந்தத் தூக்கல் 17 அங்குலம் வரை வரும். அதனால் பந்து 32-க்குப் பதில் 15 அங்குலம்தான் இறங்கும். பந்து எழும்புகிறது என்று பேட்டர்கள் சொல்வது இதைத்தான். உண்மையில் எழும்புவதில்லை, எதிர்பார்த்த அளவு விழுவதில்லை.

தள்ளுவதற்குக் காற்று வேண்டும். டென்வரில் அதே வெப்பநிலையில் காற்றின் அடர்த்தி கடலோரத்தில் இருப்பதில் 82 சதவீதம்தான். மேக்னஸ் விசை அடர்த்தியோடு நேர் விகிதத்தில் குறையும். 17 அங்குலத் தூக்கல் 14 ஆகிவிடும். மூன்று அங்குலம்தானே என்று தோன்றும். பேஸ்பால் மட்டையின் மிகத் தடித்த பகுதிக்கே அனுமதிக்கப்பட்ட விட்டம் 2.61 அங்குலம். கடலோர ஊரில் மட்டைக்கு மேலே சீறிப்போகும் அதே பந்து, டென்வரில் மட்டையின் நடுவில் வந்து உட்காரும். கர்வ்பாலுக்கு நேர் எதிர்த் தொல்லை: முன்னோக்கிய சுழற்சியால் பத்து அங்குலம் கூடுதலாக விழவேண்டியது எட்டு அங்குலத்தோடு நின்று, தொங்கிக்கொண்டு வரும்.

ஒரு சின்ன ஆறுதல் உண்டு. காற்றுத் தடை குறைவதால் பந்து பிளேட்டுக்கு வரும்போது மணிக்கு ஒரு மைல் அளவுக்கு வேகம் கூடுதலாக வரும். இழந்த மூன்று அங்குலத்துக்கு இது ஈடாகாது.

அடிபட்ட பிறகு நடப்பதுதான் எல்லோருக்கும் தெரிந்த கதை, கொஞ்சம் மிகைப்படுத்தவும்பட்டது. டென்வரில் பந்து பத்து சதவீதம் அதிகம் பறக்கும் என்று வாய்க்கு வந்தபடி சொல்வார்கள். அளந்து பார்த்தால் ஐந்து சதவீதம்தான்; 400 அடி போகிற பந்து 420 போகும். தடை குறையும்போது தூக்கலும் சேர்ந்து குறைவதால் லாபத்தில் ஒரு பங்கு கழிந்துவிடுகிறது.

இந்தப் பறத்தலுக்கு ஈடுகட்டத்தான் கூர்ஸ் ஃபீல்டின் வேலியைத் தள்ளிவைத்தார்கள். இடது ஓரத்தில் 347 அடி, நடுவில் 415. அதில் வேறொரு ஓட்டை விழுந்தது. மைதானம் விரிந்துபோனதால் வேலிப் பக்கம் நிற்கும் மூன்று ஃபீல்டர்கள் காக்கவேண்டிய பரப்பு ஏராளம். தலைக்கு மேலே போகும் பந்துக்குப் பயந்து அவர்கள் பின்னே தள்ளி நிற்க, மட்டை நுனியில் பட்ட சோம்பல் பந்து அவர்களுக்கு முன்னால் பொத்தென்று விழும். டென்வரில் பிட்சரை அரிப்பது வேலியைத் தாண்டும் ஹோம் ரன் மட்டும் அல்ல. இந்தப் பொத்துகள்தான்.

இன்னொரு எதிரி வறண்ட காற்று. பேஸ்பாலுக்குள் கம்பளி நூல் இறுகச் சுற்றியிருக்கும், மேலே தோல், 108 இரட்டைத் தையல். ஈரம் போனால் பந்து இறுகி, மட்டையில் பட்டதும் அதிகமாகத் துள்ளும்; தோல் வழுவழுப்பாகி விரலுக்குப் பிடி கிடைக்காது. 1999-இல் கூர்ஸ் ஃபீல்டில் 303 ஹோம் ரன். மைதானத்தில் வேலை பார்த்த எலக்ட்ரீஷியன் ஒருவர், தன் தோல் பூட்ஸ் காய்ந்து விறைத்துப்போவதைப் பார்த்து, பந்துக்கும் இதே கதிதானே என்று யோசித்ததில் பிறந்தது ஹியூமிடார் அறை. 2002 முதல் பந்துகளை ஈரப்பதம் 50 சதவீதம் உள்ள அந்த அறையில் வைத்திருந்து எடுக்கிறார்கள். ஹோம் ரன் குறைந்தது. 2022 முதல் எல்லா அணிகளும் ஹியூமிடார் வைத்துக்கொண்டுவிட்டன. பந்தின் ஈரத்தைச் சரிசெய்யலாம். காற்றின் அடர்த்தியை எந்த அறையில் பூட்டிவைப்பது?

இவ்வளவும் கூடத்தின் கோணல். இனி ஆட்டம்.

இதே டென்வரில் பிறந்து வளர்ந்த இடக்கைப் பிட்சர் கைல் ஃப்ரீலாண்ட், 2018-இல் இதே மைதானத்தில் 2.40 ஈ.ஆர்.ஏ.வோடு எறிந்தார். அந்த ஆண்டு அணிக்கு 91 வெற்றி. காற்று அன்றும் 82 சதவீதம்தான். 2025-இல் அவருக்கு 5 வெற்றி, 17 தோல்வி, ஈ.ஆர்.ஏ. 4.98. வேடிக்கை என்னவென்றால் இந்த எண்ணை வைத்துக்கொண்டே அவர்தான் அந்த வரிசையில் உருப்படி. ஹெர்மான் மார்க்கெஸ் 6.70, அன்டோனியோ சென்சடேலா 6.65, புதிதாக வந்த சேஸ் டொலாண்டர் 6.52.

இன்னொரு சாட்சி: ராக்கீஸ் உள்ளூரில் 25 ஆட்டம் வென்றது, வெளியூரில் 18 மட்டுமே. வெளியூரில் காற்று நல்ல கனம். அங்கே அணியின் பேட்டிங்கும் படுத்துவிட்டது என்பதால் இதை முழுக்கப் பிட்சர்கள் கணக்கில் எழுத முடியாது. ஆனாலும் மெலிந்த காற்றுதான் குற்றவாளி என்ற வாதம் இங்கே நொண்டுகிறது.

பிட்சர் கையில் நிஜமாக இருப்பது எது? 2001-இல் வோரோஸ் மெக்ராக்கன் என்ற ஆய்வாளர் ஒரு கலகமான விடை சொன்னார். மட்டையில் பட்டு மைதானத்துக்குள் விழும் பந்துகளில் பத்துக்கு மூன்று ஹிட் ஆகும். அந்த விகிதத்தைப் பிட்சரால் பெரிதாக மாற்ற முடியாது, அது ஃபீல்டர்களும் அதிர்ஷ்டமும் பங்குபோட்டுக்கொள்வது என்றார். பாஸ்டனின் பெட்ரோ மார்டினெஸுக்கு 1999-இல் அந்த விகிதம் சுமார் 32 சதவீதம், அடுத்த ஆண்டே சுமார் 24. இரண்டு ஆண்டும் அவர் உலகத்தரம். மாறியது பந்து விழுந்த இடம். மெக்ராக்கன் கொஞ்சம் அதிகமாகவே சொல்லிவிட்டார் என்று பிற்கால ஆய்வுகள் காட்டின, அடிப்படை நிலைத்துவிட்டது.

அந்த அடிப்படையில் வந்ததுதான் எஃப்.ஐ.பி. கணக்கு. ஃபீல்டருக்கு வேலையில்லாத மூன்றை மட்டும் எடுத்துக்கொள்ளும்: ஹோம் ரன்னுக்கு 13, வாக் (நான்கு தவறான பந்தால் பேட்டருக்குக் கிடைக்கும் இலவச பேஸ்) அல்லது உடலில் பட்ட பந்துக்கு 3, ஸ்ட்ரைக்அவுட்டுக்கு (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டர் அவுட்) 2 கழிவு. கூட்டி, இன்னிங்ஸால் வகுத்து, 3.1 போல ஒரு மாறிலி சேர்க்கவேண்டும். ஆறு இன்னிங்ஸ், ஒரு ஹோம் ரன், இரண்டு வாக், ஆறு ஸ்ட்ரைக்அவுட் என்றால் 13 + 6 − 12 = 7; ஆறால் வகுத்தால் 1.17, மாறிலியோடு 4.27. ஈ.ஆர்.ஏ. இதைவிட மிக மேலே இருந்தால் ஃபீல்டிங்கையோ அதிர்ஷ்டத்தையோ சந்தேகிக்கலாம். இரண்டும் சேர்ந்து மேலே இருந்தால் கோளாறு பிட்சரிடம். டென்வரில் இதையும் அப்படியே நம்பக்கூடாது: கூடுதல் 20 அடியில் வேலியைத் தாண்டிய பந்துக்கும் 13 புள்ளி பிட்சர் கணக்கில்தான் ஏறும்.

உடம்பும் இருக்கிறது. மார்க்கெஸுக்கும் சென்சடேலாவுக்கும் 2023-இல் டாமி ஜான் அறுவைச் சிகிச்சை நடந்தது. முழங்கையின் உட்பக்கத் தசைநார் கிழிந்தால், வேறிடத்திலிருந்து எடுத்த நாரை எலும்பில் துளையிட்டுக் கோர்ப்பது அது. 1974-இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப் முதன்முதலாக டாமி ஜான் என்ற பிட்சருக்குச் செய்தது. வேகமாக எறியும்போது முழங்கையில் விழும் முறுக்கு சுமார் 64 நியூட்டன் மீட்டர். சடலங்களில் சோதித்தபோது அந்தத் தசைநார் தனியாகத் தாங்கியது அதில் பாதிதான். மீதியைச் சுற்றியுள்ள தசைகள் வாங்கிக்கொள்கின்றன. தசை களைத்தால் சுமை நாருக்குப் போகும். 2008-இல் மணிக்கு 91.3 மைலாக இருந்த சராசரி ஃபாஸ்ட்பால் 2024-இல் 94.2-ஐத் தொட்டது. 2005-இல் 212 முறை காயப் பட்டியலுக்குப் போன பிட்சர்கள் 2024-இல் 485 முறை போனார்கள். கை தேறி வந்தாலும் பந்தை நினைத்த மூலையில் வைக்கும் கூர்மை கடைசியில்தான் திரும்பும். மெலிந்த காற்றில் மூலை தவறினால் மன்னிப்பு கிடையாது.

ஆட்டத்தின்போது பிட்சரை மாற்றும் மேனேஜருக்கும் பங்கு உண்டு. ஒரே பிட்சரை மூன்றாவது முறை சந்திக்கும் பேட்டர் முதல் முறையைவிட நன்றாக அடிப்பார். பல ஆண்டுத் தரவு இதைத்தான் சொல்கிறது. எனவே சீக்கிரம் மாற்றுவது சரி. ஆனால் ஸ்டார்ட்டர் ஆறுக்குப் பதில் நான்கு இன்னிங்ஸோடு போனால், 162 ஆட்டத்தில் ரிலீவர்கள் தலையில் 324 இன்னிங்ஸ் கூடுதல். அவர்கள் களைப்பார்கள். அவர்களைக் காப்பாற்ற, அடி வாங்கும் ஸ்டார்ட்டரையே இன்னும் ஒரு இன்னிங்ஸ் நிறுத்துவார்கள். ஈ.ஆர்.ஏ. வீங்கும். 6.65 போன்ற எண் பாதிக்குமேல் இந்தச் சுழலில் உருவாவது என்றே தோன்றுகிறது.

அணி என்ன செய்தது? 2025 மே 10 அன்று சான் டியேகோவிடம் 21-0 என்று தோற்றது. மறுநாள் 9-3 என்று வென்றது. அன்றே மேனேஜர் பட் பிளாக்கை வேலையிலிருந்து நீக்கியது. அவரே முன்னாள் பிட்சர். அப்போது கணக்கு 7 வெற்றி, 33 தோல்வி. அவர் போன பிறகும் 86 தோல்வி வந்தது. பருவம் முடிந்ததும், வீரர்களைச் சேர்க்கும் பொறுப்பில் இருந்த பொது மேலாளரும் விலகினார்.

பொது மேலாளர் நாற்காலியின் பழி பழையது. வெளியிலிருந்து நல்ல ஸ்டார்ட்டரைப் பணம் கொடுத்துக் கூட்டிவருவதை இந்த அணி 2000 டிசம்பரிலேயே முயன்று பார்த்தது. மைக் ஹாம்ப்டனுக்கு எட்டு ஆண்டுக்கு 12.1 கோடி டாலர். அதுவரை எந்தப் பிட்சருக்கும் கிடைக்காத தொகை. ஈ.ஆர்.ஏ. 5.41, அடுத்த ஆண்டு 6.15, பிறகு வேறு அணி. அன்றிலிருந்து பெயர்பெற்ற பிட்சர்கள் டென்வர் என்றாலே மறுத்துவிடுகிறார்கள். ஆகவே ராக்கீஸ் தன் பிட்சர்களைத் தானே வளர்த்தாகவேண்டும், அதுவும் மெலிந்த காற்றுக்கென்று வளர்க்கவேண்டும். அதற்கு வழி உண்டு. துப்பாக்கிக் குண்டு போல முன்னோக்கிய அச்சில் சுழலும் ஸ்லைடர் மேக்னஸ் விசையை அதிகம் நம்புவதில்லை, அதனால் டென்வரில் அதற்கு இழப்பு குறைவு. வேகத்தைக் குறைத்து ஏமாற்றும் சேஞ்ச்அப்புக்குப் புவியீர்ப்பே போதும். பெரிய கர்வ்பாலும் உயரத்தில் எறியும் ஃபாஸ்ட்பாலும்தான் நட்டம்.

டொலாண்டரின் ஆயுதம் அந்த உயர ஃபாஸ்ட்பால். 2023-இல் புதிய வீரர்களை அணிகள் முறை வைத்து எடுக்கும் டிராஃப்டின் முதல் சுற்றில் ஒன்பதாவதாகத் தேர்ந்தெடுத்த பையன். 2024-இல் கடல் மட்டத்தை ஒட்டிய ஹார்ட்ஃபர்டில், கிளை அணிக்கு எறிந்து பேட்டர்களைத் திணறடித்தார். அணியின் இன்னொரு கிளையான ஆல்பகெர்க்கி கிட்டத்தட்ட டென்வர் உயரத்திலேயே இருக்கிறது. 2025 ஏப்ரல் முதல் வாரத்திலேயே அவரை டென்வர் மேட்டில் ஏற்றிவிட்டார்கள். பருவ முடிவில் வெளியூரில் அவர் ஈ.ஆர்.ஏ. 3.46. உள்ளூரில் 9.98.