கொள்ளில் கலக்கும் பொடி குதிரையின் மூளைக்குப் போகிறதா?

ஈஞ்சம்பாக்கம் பக்கம் ஒரு சின்ன லாயம். ஞாயிற்றுக்கிழமை காலை. தெருவில் ஒரு சாவு ஊர்வலம் வந்துகொண்டிருந்தது. பறைச்சத்தம் எங்கள் காதில் சரியாக விழும் முன்னாலேயே ராணி என்ற குதிரையின் இரண்டு காதுகளும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டன. முதல் வெடிக்குக் கழுத்தைத் தூக்கி, மூக்கை விரித்து, சுவரோடு ஒட்டிக்கொண்டு நடுங்கினாள். சத்தம் சற்று அடங்கியதும் அவள் தாடைக்கு அடியில் ஓடும் நாடியில் விரல் வைத்து எண்ணினேன். 15 விநாடிக்கு 22, அதாவது நிமிடத்துக்கு 88. சும்மா நிற்கும்போது அவளுக்கு 36தான் இருக்கும்.

அன்றைக்குத்தான் அவளுடைய உரிமையாளர் ஒரு டப்பா கொண்டுவந்தார். மிரளும் குதிரைகளைச் சாந்தப்படுத்தும் பொடி. “தினம் ரெண்டு ஸ்பூன், வேகவச்ச கொள்ளோட கலந்து குடுங்க, அடங்கிடும்” என்றார். லாயத்தைப் பார்த்துக்கொள்ளும் பாய் என்னைப் பார்த்தார். பதினைந்து வருஷமாகக் குதிரைகளோடு இருப்பவர், அவருக்கு அந்த டப்பாமேல் நம்பிக்கை இல்லை. எனக்கோ அதன் பின்பக்கம் எழுதியிருந்ததைப் படிக்க ஆசை.

மிரள்வது நோயில்லை. புல்வெளியில் வேட்டையாடப்பட்டு வந்த விலங்கு குதிரை. கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் கிட்டத்தட்ட 350 பாகை வரை பார்க்கும். மூக்குக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் மட்டும் கொஞ்சம் குருடு. முதலில் ஓடு, அப்புறம் என்னவென்று பார் என்பதுதான் அதன் மூளைக்குத் தெரிந்த பாடம். அந்தப் பாடத்தை ஒரு பொடி மாற்றவேண்டுமானால், வாயில் போன பொருள் குடலில் செரித்து, ரத்தத்தில் கலந்து, மூளையைச் சுற்றியிருக்கும் ரத்த-மூளைத் தடுப்பைத் தாண்டவேண்டும். அந்தத் தடுப்பு கண்டதையெல்லாம் உள்ளே விடாது.

டப்பாவில் முதல் பெயர் டிரிப்டோஃபான். இது ஒரு அமினோ அமிலம். மூளை இதிலிருந்துதான் மனதை அமைதிப்படுத்தும் செரடோனினைச் செய்கிறது. செரடோனினை நேராகக் கொடுத்தால் தடுப்பைத் தாண்டாது, டிரிப்டோஃபான் தாண்டும். ஆனால் தனி வழி கிடையாது. லூசின், வாலின், டைரோசின் போன்ற மற்ற அமினோ அமிலங்கள் ஏறும் அதே வண்டியில்தான் இதுவும் ஏறவேண்டும். சைதாப்பேட்டையில் ஷேர் ஆட்டோ பிடிக்கிற மாதிரி, இருக்கிற இடத்துக்கு ஏகப்பட்ட போட்டி. இப்போது அந்தக் கொள்ளை நினைத்துப் பாருங்கள். அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் புரதம். புரதம் செரித்தால் வருவது அந்தப் போட்டியாளர்கள்தான். பொடியைக் கொள்ளோடு கலந்து கொடுப்பது, டிரிப்டோஃபானை நெரிசல் நேரத்தில் நிறுத்தத்துக்கு அனுப்புவதற்குச் சமம். இதைப் படித்ததிலிருந்து அந்த வாளியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்பதில்லை.

அளவிலும் சிக்கல் உண்டு. குதிரைகளுக்கு மிகக் குறைந்த அளவு டிரிப்டோஃபான் சாந்தத்துக்குப் பதிலாக லேசான படபடப்பைத் தந்ததாகப் பதிவுகள் இருக்கின்றன. மிக அதிகமாக வாய்வழி கொடுத்தால் ரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து கடுமையான சோகை வரும்.

அடுத்தது மக்னீசியம். நரம்பு முனைக்குள் கால்சியம் பாய்ந்தால்தான் செய்தி அடுத்த நரம்புக்குப் போகும். மக்னீசியம் அந்தப் பாய்ச்சலைக் குறைக்கும். ஆகவே உடலில் அது குறைந்தால் தசை துடிக்கும், குதிரை சின்னச் சத்தத்துக்கும் துள்ளும். 500 கிலோ குதிரைக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 7.5 கிராம் போதும், நல்ல புல்லும் தவிடும் பெரும்பாலும் அதைத் தந்துவிடும். குறை இருந்த குதிரைக்குப் பொடி நிஜமாகவே உதவும். குறையில்லாத குதிரைக்குக் கொடுத்தால் மிச்சத்தைச் சிறுநீரகம் வெளியே தள்ளிவிடும். எப்சம் உப்பாக அள்ளிக் கொடுத்தால் பேதிதான். பி1 வைட்டமின் கதையும் இதுவேதான்.

மூலிகைகளில் வலேரியன் வேர் உண்மையிலேயே மூளையைத் தொடும். நம் நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் சடாமாஞ்சில் அதற்கு உறவு. வேலை செய்கிறது என்பதாலேயே சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு வலேரியனைப் போட்டிகளில் தடை செய்திருக்கிறது. மூளையின் இயல்பான அடக்கியான காபாவை ஊசியாகப் போடும் வழக்கம் அமெரிக்காவில் பரவியபோது, அங்கே 2012இல் அதற்குத் தடை வந்தது. பந்தயத்துக்கோ போட்டிக்கோ போகும் குதிரையின் வாயில் ‘இயற்கையானது’ என்ற ஒரே வார்த்தையை நம்பி எதையும் வைக்காதீர்கள்.

பாய் டப்பாவைத் திரும்பக் கொடுத்துவிட்டு ராணியின் வயிற்றுவாரை இறுக்கிக் காட்டினார். அவள் காதைப் பின்னால் மடக்கி, தலையைத் திருப்பிக் கடிக்க வந்தாள். “பாருங்க சார், இப்போ வெடியும் இல்ல, கூட்டமும் இல்ல. இதுக்கு வயிறு எரியுது.”

அவர் சொன்னதில் உடலியல் இருக்கிறது. குதிரையின் இரைப்பை உடலோடு ஒப்பிட்டால் சின்னது, ஆனால் அமிலம் நாள் முழுவதும் சுரந்துகொண்டே இருக்கும். நாளில் 16 மணி நேரம்வரை மேய்வதற்கென்று அமைந்த உடம்பு அது. இரண்டு வேளை கொள்ளும் இடையில் நீண்ட பட்டினியும் என்று வைத்தால், வெறும் வயிற்றில் ஓடும்போது அமிலம் மேல்பகுதிக்குத் தெறிக்கும். அங்கே பாதுகாப்புச் சளி கிடையாது. புண் வரும். பயிற்சியில் இருக்கும் பந்தயக் குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்தப் புண் இருக்கிறது. வலியோடு நிற்கிற விலங்கு எல்லாவற்றுக்கும் மிரளத்தான் செய்யும். மெரினா மணலில் சாயங்காலம் முழுக்கக் குழந்தைகளைச் சுமக்கும் குதிரைகளைப் பார்க்கும்போது, காலையிலிருந்து அவற்றின் வாய்க்கு எவ்வளவு புல் போயிருக்கும் என்றுதான் நான் முதலில் யோசிக்கிறேன்.

கூட்டத்துக்கு நடுவே அசையாமல் நிற்கும் காவல்துறைக் குதிரைகளையும் பார்த்திருப்பீர்கள். சத்தத்தை முதலில் தூரத்தில் கேட்கவைத்து, பயப்படாமல் நின்றால் கொஞ்சம் கொஞ்சமாக அருகில் கொண்டுவந்து பழக்குவது தான் அந்த நிதானத்தின் அடிப்படை.

வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு ராணியைக் காட்டச் சொன்னோம். உரிமையாளர் ஒப்புக்கொண்டார். அதற்கிடையில் பாய் கொள்ளைப் பாதியாகக் குறைத்து, வலையில் புல் எப்போதும் தொங்கும்படி செய்தார். சேணம் போடுவதற்கு அரை மணி நேரம் முன்னால் ஒரு கட்டு குதிரைமசால் என்ற தீவனப் பயிர். அதிலுள்ள கால்சியமும் புரதமும் அமிலத்தைத் தணிக்கும், மென்று விழுங்கிய நார் அமிலம் தெறிக்காமல் தடுக்கும்.

மூன்று வாரம் கழித்துப் போனபோது வாரை நானே இறுக்கினேன். ராணி ஒரு காதை மட்டும் என் பக்கம் திருப்பிவிட்டு, வாயோரம் தொங்கிய மசாலை மென்றுகொண்டே இருந்தாள். நாடி 38.