கனடாவில் இலவச ஆங்கில வகுப்பு: யார், எதில் சேரலாம்?

கனடாவுக்கு வந்து பத்து வருடமாகியும் டாக்டரிடம் போவதற்கு மகளையோ மகனையோ கூட்டிக்கொண்டு போகிறவர்கள் நம்மவர்களில் நிறையப் பேர். ஆங்கிலமே தெரியாது என்றில்லை. தொலைக்காட்சிச் செய்தி விளங்கும், வீட்டுக்கு வரும் கடிதத்தையும் ஒருவாறு வாசித்துவிடுவார்கள். வாய்தான் திறக்காது. இவர்களுக்குக் காசில்லாத வகுப்புகள் உண்டு. எதில் யார் சேரலாம் என்பதில்தான் குழப்பம்.

முதலாவது, புதிதாகக் குடியேறியவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் ‘லிங்க்’ (LINC) வகுப்பு. 1992இல் மத்திய அரசு தொடங்கியது. பணம் குடிவரவு அமைச்சினுடையது. பாடம் நடத்துவது கல்லூரிகளும் பள்ளிச் சபைகளும் குடியேறியோருக்கு உதவும் நிறுவனங்களும். நிரந்தர வதிவுரிமை பெற்றவர்களும், அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர்களும் சேரலாம். அந்த மாகாணத்தின் பள்ளி வயதைக் கடந்திருக்க வேண்டும். குடியுரிமை பெற்றவர்களுக்கு இடமில்லை.

பலர் கோட்டைவிடுவது இந்தக் கடைசி விதியில்தான். “முதலில் சிட்டிசன் எடுப்போம், அப்புறம் ஆறுதலாகப் படிக்கலாம்” என்பார்கள். சத்தியப்பிரமாணம் எடுத்த அன்றோடு லிங்க் கதவு மூடிவிடும். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 18 முதல் 54 வயது வரையானவர்கள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது, ஆங்கிலம் பேசுவதிலும் கேட்பதிலும் கனடிய மொழி அளவுகோலின் 4ஆம் நிலையில் இருப்பதைக் காட்ட வேண்டும். அந்த நிலையை எட்டியதாக லிங்க் வகுப்பு தரும் சான்றிதழே அதற்குப் போதும். காசு கட்டித் தனியாகப் பரீட்சை எழுதத் தேவையில்லை. ஆகவே வதிவுரிமை அட்டை கையில் இருக்கும்போதே சேருவதுதான் கெட்டித்தனம். யார், எவ்வளவு காலம் படிக்கலாம் என்ற விதிகளை அமைச்சு மாற்றுவதும் உண்டு. பதியும்போது ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, குடியுரிமை எடுத்தாயிற்று என்றால்? ஒன்ராறியோவில் மாகாண அரசின் பணத்தில் பெரியவர்களுக்கான ஈஎஸ்எல் (ESL), அதாவது இரண்டாம் மொழியாக ஆங்கிலம் கற்பிக்கும் வகுப்புகள் நடக்கின்றன. பள்ளிச் சபைகள் நடத்தும் இவற்றில், வேறு நாட்டிலிருந்து வந்து குடியுரிமை பெற்றவர்களும் அகதிக் கோரிக்கை முடிவுக்குக் காத்திருப்பவர்களும் சேரலாம். லிங்க் இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட எத்தனையோ பேர் இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் வீட்டில் இருக்கிறார்கள். மற்ற மாகாணங்களின் ஏற்பாடுகள் வேறு. கியூபெக்கில் லிங்க் கிடையாது. அங்கே மாகாண அரசே பிரெஞ்சு கற்பிக்கிறது.

வகுப்பில் சேருமுன் மொழி மதிப்பீடு உண்டு. முன்கூட்டியே நேரம் எடுத்து, வதிவுரிமை அட்டை அல்லது குடிவரவுப் பத்திரத்தோடு போக வேண்டும். பேச்சு, கேட்டல், வாசிப்பு, எழுத்து நான்குக்கும் தனித்தனியே நிலை சொல்வார்கள். கனடிய மொழி அளவுகோலில் மொத்தம் 12 நிலைகள். இது தோற்கிற சோதனை அல்ல. சிலர் வெட்கத்தில் ஊரில் படித்ததையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போவார்கள். பிறகு தங்களுக்கு மிஞ்சிய வகுப்பில் உட்கார்ந்து முழிப்பார்கள். உள்ளபடி பேசுங்கள்.

வகுப்புகள் பகலிலும் மாலையிலும் இணையவழியிலும் உண்டு. சில இடங்களில் சிறு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வசதியும் இருக்கிறது. கைக்குழந்தைக்காரர்கள் முதலில் அதைத்தான் விசாரிக்க வேண்டும். லிங்க் வகுப்பில் பெரிய இறுதிப் பரீட்சை இல்லை. டாக்டரிடம் நேரம் எடுப்பது, படிவம் நிரப்புவது, வாடகை வீட்டின் சொந்தக்காரரிடம் ஹீட்டர் வேலை செய்யவில்லை என்று சொல்வது போன்ற வேலைகளைச் செய்து ஒரு கோப்பில் சேர்த்துக்கொண்டே போவீர்கள். பல இடங்களில் அந்தக் கோப்பைப் பார்த்துத்தான் நிலை உயர்த்துவார்கள். இடையிடையே நின்றுவிட்டால் கோப்பு நிரம்பாது.

இனி, பேச்சு வட்டம். ரொறன்ரோ பொது நூலகம் தன் கிளைகளில் இலவசமாக நடத்துகிறது. வேறு நகர நூலகங்களிலும் உண்டு. இங்கே மதிப்பீடு, சான்றிதழ், வீட்டுப்பாடம் எதுவும் இல்லை. ஒருவர் பேச்சைத் தொடக்கிவைக்க, நாலு நாட்டுக்காரர்கள் சுற்றியிருந்து காலநிலை, சமையல், பிள்ளைகளின் பள்ளி என்று கதைப்பார்கள். எல்லோருக்கும் தடுமாற்றம் இருப்பதால் யாரும் யாரையும் பார்த்துச் சிரிப்பதில்லை. இலக்கணம் தெரிந்தும் வாய் வராதவர்களுக்கு, என் கணிப்பில், இதுதான் முதல் மருந்து. சில கிளைகளில் முன்பதிவு கேட்பார்கள்.

லிங்க் வகுப்பில் இடம் கிடைக்கக் காத்திருக்கும் நாட்களிலும் வட்டத்துக்குப் போய்வரலாம். வகுப்பு கிடைத்த பிறகும் விட வேண்டியதில்லை. இரண்டுக்கும் ஒரே காலத்தில் போகத் தடையில்லை.