அடித்திண்டு: சேணத்தின் ‘பேனலு’க்கும் அதன் உள்நிரப்புக்கும் உரிய சொல்

குதிரைச் சேணத்தைப் புரட்டிப் போட்டால், நடுவே ஒரு வாய்க்கால் விட்டு இடமும் வலமுமாக நீண்டு கிடக்கும் இரண்டு மெத்தைகள் தெரியும். சவாரி செய்பவரின் எடை முழுவதையும் குதிரையின் முதுகில் பரப்பி இறக்குபவை இவைதாம். ஆங்கிலேயப் பாணிச் சேணம் பழகியவர்கள் இதைப் ‘பேனல்’ என்பார்கள். இராமநாதபுரம் மாவட்டத்தில் பேனல் என்றால் கமுதிப் பக்கம் காட்டை நிறைத்து நிற்கும் சூரிய மின்தகடுகள்தான் கண்முன் வரும். அந்த நினைப்பில் ‘சேணப் பலகை’, ‘பக்கத் தகடு’ என்று எழுதிவிடுகிறார்கள். இரண்டும் தவறு. லத்தீனில் ‘பன்னுஸ்’ என்றால் துணி. அதிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த பேனல், சேணத்துக்கு அடியில் இடும் துணியையும் மெத்தையையும் குறித்த சொல். கதவுப் பலகை, மின்தகடு என்னும் பொருள்கள் பின்னால் ஏறியவை. சாய்ந்துகொள்ளப் போடும் திண்டு நமக்குத் தெரிந்த பொருள்தான். சேணத்தின் அடியில் இருப்பதால் ‘அடித்திண்டு’ என்பதே பொருந்தும்.

சேணத்துக்குத் தமிழில் சொல் பஞ்சம் இல்லை. கலணை என்பது பழைய வழக்கு. பல்லணம் வடமொழி வழி வந்தது. சீனி என்றும் ஒரு பெயர் உண்டு. அது சர்க்கரை அன்று, பாரசீகத்தின் ‘ஜீன்’. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இராமநாதபுரக் கரைக்குத் தெற்கே காயல் துறைமுகத்தில் ஹோர்முஸ், ஏடன் பக்கத்துக் குதிரைகள் வந்து இறங்கியதை மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். இன்றைக்கு எல்லோருக்கும் விளங்குவது சேணம்.

திண்டுக்குள் வைப்பதை ஆங்கிலத்தில் ‘ஃபிளாக்’ என்பார்கள். ரோமக் கற்றை என்று பொருள்படும் லத்தீன் ‘ஃப்ளோக்குஸ்’ அதன் வேர். ஆட்டுமந்தையைக் குறிக்கும் ஃபிளாக் வேறு சொல். ஒலி மட்டும்தான் ஒன்று. தமிழில் இதைப் ‘பஞ்சு’ என்றுதான் பேசுகிறோம். பேச்சுக்குச் சரி, கடைக்கு ஆகாது. மெத்தைக் கடையில் பஞ்சு என்று கேட்டால் இலவம் பஞ்சோ பருத்திப் பஞ்சோதான் கைக்கு வரும். ‘திணிப்பு’ என்பது அதைவிடக் கெடுதல், ஏனென்றால் சொல்லே கையை அழுத்தச் சொல்கிறது. பொருளுக்கு ‘உள்நிரப்பு’, வேலைக்கு ‘நிரவுதல்’ என்று வைத்துக்கொள்ளலாம். மேடு பள்ளம் இல்லாமல் பரப்புவதுதான் நிரவுதல். திண்டுக்குள் நடக்க வேண்டியதும் அதுவே.

எதை நிரப்புவது? இந்தக் கரையில் முதலில் கைக்கு எட்டுவது தென்னை நார். சோபாவுக்கும் மெத்தைக்கும் நல்ல பொருள். சேணத்தில் வைத்தால் விறைப்பான நுனிகள் தோலைத் துளைத்து வெளியே வரும், ஒடிந்து துண்டாகும். பனை நாருக்கும் அதே குறை. இலவம் பஞ்சின் இழை குழல்போல் உள்ளே வெற்றிடமானது, மேலே மெழுகுப் பூச்சு உள்ளது. வியர்வையை ஏற்காது, எடையில் நசுங்கித் தூளாகும். பருத்தி வியர்வையைக் குடித்துவிட்டுக் காயாமல் கிடக்கும், கட்டிபிடிக்கும், பூஞ்சை ஏறும். குதிரை வால்முடியை முறுக்கி, வேகவைத்துச் சுருள் பிடிக்கச் செய்தால் நன்றாக எழும்பும். சுருளாத முடி ஊசியாகக் குத்தும்.

மிஞ்சுவது ஆட்டுக் கம்பளி. அதன் இழையில் இயல்பாகவே நெளிவு உண்டு. அழுத்தி விட்டால் திரும்ப எழும்பும். தன் எடையில் சுமார் 30 சதவீதம் வரை ஈரத்தை வாங்கினாலும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. ஆனால் இராமநாதபுரம் வெள்ளை, கீழக்கரிசல் ஆடுகள் இறைச்சிக்கானவை, முடி குட்டையானது, கம்பளி தராது. ஊர் ஆட்டை வெட்டிய முடியைக் கொண்டு திண்டு நிரப்பலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கம்பளிக்கு நீலகிரி ஆடு உண்டு, முரட்டு இழைக்குத் திருச்சி கறுப்பு உண்டு. மிக மெல்லிய இழை சீக்கிரம் பிணைந்து கம்பளத்துண்டு ஆகிவிடும், மிக முரடானது உறுத்தும். நடுத்தரத் தடிப்பும் நீளமும் நெளிவும் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். ஒரு பிடி எடுத்து இறுக்கி விடுங்கள். மெல்ல விரிந்து எழ வேண்டும். கலப்படமா என்று பார்க்க நாலு இழையைக் கொளுத்துங்கள். கம்பளி முடி கருகும் வாடை அடிக்கும், சாம்பல் விரலில் பொடியும். செயற்கை இழை உருகிக் கெட்டியான மணியாகும். பருத்தி காகிதம் எரிவதுபோல் மணக்கும்.

ஆட்டிலிருந்து வெட்டியபடியே இருக்கும் பச்சைக் கம்பளி வாங்கினால் கழுவ வேண்டும். கடற்கரை ஊர்களின் கிணற்றுநீர் பெரும்பாலும் உவர். கடின நீரில் சோப்பு கரையாத கசடாகத் திரிந்து இழையில் ஒட்டும், பிறகு எப்படி உதறினாலும் பிசுபிசுப்பு போகாது. மழைநீரோ குடிநீரோ எடுத்துக்கொள்ளுங்கள். கைபொறுக்கும் சூட்டில், காரமில்லாத சோப்புக் கரைசலில் மூழ்கவிட்டு, கசக்காமல் கலக்காமல் அப்படியே தூக்கி எடுங்கள். அடுத்த தண்ணீரும் அதே சூட்டில் இருக்கட்டும். சூடு சட்டென மாறினாலும் தேய்த்தாலும் கம்பளி பிணைந்துவிடும். நிழலில் காயவையுங்கள்.

பழைய திண்டைத் திறக்கும் முன், சேணத்தை நேரே வைத்து இரு பக்கத்தின் உயரத்தையும் அளந்து குறியுங்கள். சேணத்தின் உட்சட்டத்தை ஒட்டி மறைந்திருக்கும் நிரப்புவாய்த் துளை வழியாக உள்ளே இருப்பதை எல்லாம் எடுத்துவிடுங்கள். கட்டிபிடித்த பழசின் மேல் புதுசைச் சேர்த்தால் கட்டி அப்படியேதான் இருக்கும், மேல் மட்டும் மெத்தென்று ஏமாற்றும். புதுக் கம்பளியைச் சமமான இரு குவியலாக நிறுத்து வைத்து, மிஞ்சியதையும் நிறுங்கள். இரு பக்கமும் ஒரே அளவு உள்ளே போனதா என்பது அப்போது தெரியும். விரலால் பிரித்துப் பிரித்துச் சிறு சிறு கற்றையாக, நுனி மழுங்கிய இரும்புக் கம்பியால் முதலில் முன்முனைக்கும் பின்முனைக்கும் கொண்டுசேர்த்து, பிறகு நடுவுக்கு வாருங்கள். உருண்டையாக ஒன்றைக் கூடச் செலுத்தாதீர்கள். அது உள்ளே உருண்டையாகவே இறுகும். கட்டைவிரலால் அழுத்தினால் திண்டு இறங்கி எழ வேண்டும். நடு வாய்க்கால் முன்பின் முழுவதும் மூன்று நான்கு விரல் அகலத்தில் இருக்க வேண்டும், முதுகெலும்பைத் திண்டு தொடக் கூடாது.

அளவு மிஞ்சினால் திண்டு உருண்டு, குதிரை முதுகில் ஒரு கோட்டில் மட்டும் படும், சேணம் ஆடும். சவாரி முடிந்து இறக்கியதும் முதுகைப் பாருங்கள். சுற்றிலும் வியர்த்து நடுவில் காய்ந்த திட்டு தெரிந்தால், அந்த இடத்தில் அழுத்தம் கூடுதல் என்று எண்ணிச் சரிபாருங்கள். கவனிக்காமல் விட்டால் மயிர்க்கால் சேதப்பட்டு, பிற்பாடு அங்கே வெள்ளை முடி முளைக்கும். புது நிரப்பு முதல் சில வாரங்களில் அமுங்கும். அப்போது ஒருமுறை திறந்து பள்ளமான இடத்தில் மட்டும் சேர்க்க வேண்டும்.

உப்புக்காற்று ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். வியர்வை உப்பும் சேர்ந்தால் தோலும் தையல் நூலும் மக்கும். ஆகவே நிரப்பும் வேலையை வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே முடித்துவிடுங்கள். அக்டோபருக்குப் பிறகு கம்பளி காயாது, எடையும் சரியாக வராது. அந்த மாதங்களில் சேணத்தைச் சுவரில் சாய்க்காமல், திண்டின் அடியில் காற்று ஓடும்படி தாங்கியில் ஏற்றி வையுங்கள். அந்துப்பூச்சி முட்டையிடும் இடம் தையல் ஓரமும் நிரப்புவாயும்தான். மாதம் ஒருமுறை அங்கே தூரிகை போட்டுத் தட்டிவிட வேண்டும்.