சொல் விளக்கம்: அமைதல்

வன்னியில் வேதாகமம் வாசிக்கும் வீடுகளில் வளர்ந்த பெண்பிள்ளைகளுக்கு 'அமைதல்' அகராதியில் பார்த்து அறிந்த சொல்லன்று. கண்டிப்போடு காதில் விழுந்த சொல். பேத்தி எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், அரிசி புடைத்துக்கொண்டிருக்கும் அம்மம்மா சுளகை மடியில் நிறுத்தி, "வாய் காட்டாதை. பொம்பிளைப் பிள்ளை அமைதலாய் இருக்க வேணும் எண்டு வேதத்திலை கிடக்கு" என்பார். வேதத்தில் கிடப்பது உண்மைதான். அம்மம்மா கொள்ளும் பொருளில் கிடக்கிறதா என்பது வேறு கேள்வி.

பெண்களைக் குறித்து இச்சொல் வரும் இடங்களில் இரண்டு முக்கியமானவை. "ஸ்திரீயானவள் எல்லாவற்றிலும் அடக்கமுடையவளாயிருந்து, அமைதலோடு கற்றுக்கொள்ளக்கடவள்" என்பது 1 தீமோத்தேயு 2:11. "சாந்தமும் அமைதலுமுள்ள ஆவி" பெண்ணுக்கு அழியாத அலங்காரம் என்பது 1 பேதுரு 3:4. கிரேக்க மூலத்தில் முன்னது 'ஹெசூகியா' என்ற பெயர்ச்சொல். பின்னது அதனோடு ஒட்டிய பெயரடை. கலகமும் இரைச்சலும் பிறர் காரியத்தில் மூக்கை நுழைப்பதும் இல்லாமல், தன் நிலையில் நின்றிருப்பதை அது குறிக்கிறது. அதே தீமோத்தேயு நிருபம், ஒன்பது வசனங்களுக்கு முன்னர், விசுவாசிகள் எல்லோரும் "கலகமில்லாமல் அமைதலுள்ள ஜீவனம்" பண்ண வேண்டும் என்கிறது. வேலை செய்யாமல் அலைந்து திரிந்தவர்களைப் பார்த்து, "அமைதலோடே வேலைசெய்து" தங்கள் சொந்தச் சாப்பாட்டைச் சாப்பிடும்படி 2 தெசலோனிக்கேயர் 3:12 புத்தி சொல்கிறது. அதை வாசித்துவிட்டு, வயலில் ஆண்கள் வாய் திறக்கக் கூடாது என்று எவரும் பிரசங்கித்ததில்லை.

ஆனால் அந்தக் கிரேக்கச் சொல்லுக்குப் பேசாமை என்ற பொருள் அறவே இல்லை என்று சாதிப்பதும் நேர்மையாகாது. பவுல் எபிரெயு பாஷையில் பேசுவதைக் கேட்ட கூட்டம் "அதிக அமைதலாயிருந்தார்கள்" என்று அப்போஸ்தலர் 22:2 சொல்லும்போது, மூலத்தில் இருப்பது அதே ஹெசூகியாதான். அங்கே அது காது கொடுப்பதற்காக வந்த அமைதி. தீமோத்தேயு வசனத்திலும் முற்றுவினை 'கற்றுக்கொள்ளக்கடவள்' என்பதே. அமைதல் கற்கும் முறையைச் சொல்கிறது. அதற்கு அடுத்த வசனம் பெண் உபதேசம்பண்ணுவதற்கு உத்தரவு கொடுப்பதில்லை என்கிறது. அதை இன்றைக்கு எப்படிக் கைக்கொள்வது என்பதில் சபைக்குச் சபை நிலைப்பாடு வேறுபடுகிறது. பேசாமலிருக்கும்படி நேராகவே சொல்லும் இடம் 1 கொரிந்தியர் 14:34. அங்கே மூலச்சொல் வேறு, 'சிகாவோ'. அந்த அதிகாரத்தின் 30ஆம் வசனத்தில், மற்றொருவனுக்கு வெளிப்பாடு கிடைத்தால் முந்திப் பேசினவன் பேசாமலிருக்க வேண்டும் என்று சொல்லப்படுவதும் அதே வினையால்தான். பெண் ஜெபம்பண்ணுவதையும் தீர்க்கதரிசனஞ்சொல்லுவதையும் அதே நிருபத்தின் 11:5 நடைமுறையில் உள்ள ஒன்றாகவே எடுத்துக்கொண்டு பேசுகிறது.

குழப்பத்தில் நம் தமிழுக்கும் பங்குண்டு. தீமோத்தேயு வசனத்தில் அமைதலுக்குப் பக்கத்தில் நிற்கும் 'அடக்கம்', கீழ்ப்படிதலைக் குறிக்கும் வேறொரு கிரேக்கச் சொல்லுக்கு ஈடாக இடப்பட்டது. நாவை அடக்குவதற்கும் அதற்கும் நேர்த்தொடர்பு இல்லை. தமிழ்க் காதிலோ அடக்கம் என்றவுடன் நாவடக்கமும் சேர்ந்தே ஒலிக்கிறது. (அடங்கு என்ற வேரிலிருந்து நல்லடக்கமும் ஊரடங்கும்கூடப் பிறந்தன, இந்த இரண்டையும் வன்னி வேண்டிய அளவுக்கு மேலேயே கேட்டிருக்கிறது.)

'அமை' என்ற வேருக்கோ பொருந்துதல், நிலைபெறுதல், உருவாதல் என்பன பொருள்கள். அமைப்பு, அமைவு, அமைதி எல்லாம் இதன் கிளைகள். வாயை மூடுதல் அந்த வரிசையில் இல்லை. இதை அம்மம்மாவின் வேதப்புத்தகமே காட்டும்: மாற்கு 4:39இல் இயேசு கடலைப் பார்த்து "இரையாதே, அமைதலாயிரு" என்கிறார், "மிகுந்த அமைதல்" உண்டாகிறது. அங்கே கிரேக்கச் சொற்கள் வேறு. ஆயினும் மொழிபெயர்த்தவர்கள் அந்த நிலைக்கும் இதே தமிழ்ச் சொல்லையே தேர்ந்தார்கள். முல்லைத்தீவுக் கரையில் வாடைக்காற்றுக் காலத்தைக் கடந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கடல் அமைந்தால்தான் வள்ளம் இறக்கலாம். தொழில் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

ஆகவே ஈடான சொற்களைப் பிரித்தே ஆள வேண்டும். பேச்சில் கட்டுப்பாட்டுக்கு 'நாவடக்கம்' சரியான தமிழ். யாக்கோபு நிருபம் அதை யாவருக்கும் விதிக்கிறது, 3ஆம் அதிகாரத்தில் போதகராக விரும்புவோரையே முதலில் எச்சரிக்கிறது; "யாகாவா ராயினும் நாகாக்க" என்ற குறளும் ஆண், பெண் பார்க்கவில்லை. 'மௌனம்' முனி என்பதிலிருந்து வந்த வடசொல், நோன்பின் சாயல் உடையது; வெறுமனே பேசாதிருப்பதற்குப் 'பேசாமை' அல்லது 'வாளாவிருத்தல்' போதும். ஹெசூகியாவுக்கு அமைதல், அல்லது கத்தோலிக்கர் வாசிக்கும் பொது மொழிபெயர்ப்பில் உள்ளதுபோல அமைதி, பொருந்தும். நீதிமொழிகள் 31 போற்றும் குணசாலியான பெண் "தன் வாயை ஞானம் விளங்கத் திறக்கிறாள்" என்பதையும் பக்கத்தில் வைத்து வாசிக்கலாம்.

பேத்தியை அப்படிக் கண்டித்த ஒரு நாள் இரவு, குடும்ப ஜெபத்தில் அந்த நீதிமொழிகள் அதிகாரத்தை வாசித்தவர் அம்மம்மாதான். வாசித்து முடித்து, அயல்வீட்டுக்கும் கேட்கும்படி அவர் ஜெபிக்கத் தொடங்கினார்; ஐயா உட்பட வீட்டு ஆண்கள் எல்லோரும் தலை குனிந்து ஆமென் சொல்லக் காத்திருந்தார்கள்.